சின்னராசுவின் நடத்தைப் பதிவேடு

பிப்ரவரி 23, திங்கள்

இது என் சொந்த நாட்குறிப்பு அல்ல என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். இந்தக் குதிரை லாயத்தின் உரிமையாளர் சிவப்பிரகாஷ், தம் ஆண் குதிரையின் நடத்தையை நாள்தோறும் எழுதி வைக்கும்படி இன்று காலை உத்தரவிட்டார். நான் லாயத்தின் மேலாளர் திருமூர்த்தி. இதற்கு முன்னால் முப்பத்தோரு ஆண்டுகள் அரசுக் கல்லூரி ஒன்றில் நூலகர். பதிவேடு எழுதத் தெரிந்தவர் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். குதிரை ஏறத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரியாது.

குதிரையின் பெயர் சான்றிதழில் சில்வர் மோனார்க். லாயத்தில் சின்னராசு. வயது ஏழு, சாம்பல் நிறம். ஓட்டுவது உரிமையாளரின் மகள் ஹர்ஷினி. போட்டியின் பெயர் டிரெஸ்ஸேஜ். குதிரை நேராக நடந்து, வளைந்து, சொன்ன இடத்தில் நின்று, குறுக்காக நடந்து, வாயைத் திறக்காமல் வெளியேற வேண்டும். பார்க்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை கோயம்புத்தூரில் நடந்த பயிற்சிப் போட்டியில் சின்னராசு நேராக நடந்தது. பிறகு வரிசையில் காத்திருந்த ஒரு பெண் குதிரையைப் பார்த்துக் கனைத்தது. பின்னங்கால்களில் எழுந்து நின்று இன்னொரு முறை கனைத்தது. நடுவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

உரிமையாளர் காயடித்துவிடலாம் என்கிறார். ஹர்ஷினி கூடாது என்கிறாள். நான்கு ஆண்டுகளாக அவள்தான் பழக்குகிறாள். இவன் வழியில் ஒரு குட்டியாவது வேண்டும் என்பது அவள் ஆசை. அதோடு இப்போது அறுத்தால் ஏப்ரல் 5ஆம் தேதி பெங்களூர்ப் போட்டிக்குப் போக முடியாது. கால்நடை மருத்துவர் ஜெகதீசன் ஒரு மாதம் அவகாசம் வாங்கித் தந்திருக்கிறார். அவர் சொன்ன கணக்கு எளிது: வெளியிடத்தில் முரண்டு பிடிக்கிற குதிரையைப் பழக்கித் திருத்தலாம். பெண் வாடையே இல்லாத சொந்த லாயத்திலும் முரண்டு பிடித்தால் அது குணம், கத்திதான் வழி. மார்ச் 22 அன்று இந்தப் பதிவேட்டைப் படித்து அவர் முடிவு சொல்வார்.

ஆகவே இதில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் முக்கியம். நேரம், தீவனம், பயிற்சி, நடத்தை, இதர என்று ஐந்து பத்தி பிரித்துக் கோடு போட்டேன். கோடு போடவே மாலையாகிவிட்டது.

பிப்ரவரி 25, புதன்

காலை நடத்தை: நன்று. ஓட்ஸைக் குறைத்து வைக்கோலைக் கூட்டியாயிற்று. ஒரு மணி நேரப் பயிற்சி.

உரிமையாளர் கொடுத்த வெளிநாட்டுப் புத்தகத்தில், வசந்தத்தில் பகல் நீள்வதால் ஆண் குதிரைகளுக்கு இந்தக் கிறுக்கு வருகிறது என்றும், பனி உருகும்போது கவனமாக இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. ஆனைமலைப் பக்கம் பனி உருகி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வசந்தம் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர். ஆனால் சின்னராசு அந்தப் புத்தகத்தைப் படித்ததுபோலவே நடந்துகொள்கிறது.

மேற்கு வேலிக்கு அப்பால் உள்ள தென்னந்தோப்பில் பவளம் என்ற செவலைப் பெண் குதிரை இருப்பதாகக் குதிரைக்காரர் மாரப்பன் தெரிவித்தார். அதை வேலிப் பக்கம் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக மாலை ஐந்து மணிக்கு நேரில் சென்றேன். உரிமையாளர் சுலோச்சனா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தப்பு பண்றது உங்க பையன். கட்டிப் போட வேண்டியது எங்க புள்ளையவாங்க?" என்றார். முப்பத்தோரு ஆண்டுகளில் எனக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வி மூன்றோ நான்கோதான் வந்திருக்கும். பிறகு பவளத்தை வீட்டின் மறுபுறம் கட்ட ஒப்புக்கொண்டார். காபி கொடுத்தார். பவளம் என் கையை முகர்ந்து பார்த்தது.

திரும்பி வந்து சின்னராசுவுக்கு வழக்கமான கேரட் கொடுத்தேன். மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கேரட் பிடிக்கவில்லை போலும்.

பிப்ரவரி 27, வெள்ளி

மாலை 5 முதல் 6 வரை மேற்கு வேலி ஆய்வு. கல்தூண்கள் இருபத்திரண்டு. பழுது இல்லை.

மார்ச் 2, திங்கள்

மாலை மேற்கு வேலி ஆய்வு. கல்தூண்கள் இருபத்திரண்டே. மோர் நன்றாக இருந்தது.

சரக்குக் குறிப்பு: உடம்பு தேய்க்கும் பிரஷ் எண் 3 மாலையில் அதன் ஆணியில் இல்லை. ஆறே காலுக்கு இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

காலை நடத்தை: மோசம். மாரப்பன் தேய்த்துவிடும்போதே தரையைக் காலால் கொத்த ஆரம்பித்துவிட்டதாம். பயிற்சியில் ஹர்ஷினி வலப்பக்கம் திருப்பினால் மேற்குப் பக்கம் திரும்பியது. இடப்பக்கம் திருப்பினாலும் மேற்குதான்.

மாரப்பன் நீலகிரித் தைலம் கொண்டுவந்து மூக்கில் தடவினார். சின்னராசு பதினான்கு முறை தும்மியது. நான் ஆறு முறை.

தோப்பிலிருந்து காற்றில் வாடை வருகிறது என்பது என் கருத்து. மாரப்பன் ஒரு பிடி வைக்கோல் தூசியை எடுத்துப் பறக்கவிட்டுக் காட்டினார். தூசி தோப்பை நோக்கிப் போனது. "காத்து கெழக்கால இருந்துதானுங்களே அடிக்குது. இவன் வாடை வேண்ணா அங்க போகும். அவ வாடை எப்படீங்க இங்க வரும்?" என்றார். ஆராய வேண்டிய விஷயம்.

மார்ச் 6, வெள்ளி

காலை நன்று. மாலை வேலி ஆய்வு, ஒரு மணி பத்து நிமிடம். கேரட் கொடுக்கையில் என் சட்டைக் கையைக் கடித்து இழுத்து விடவே இல்லை. சட்டை போயிற்று. "புதுசுங்களா சாரு?" என்று மாரப்பன் கேட்டார். புதியதுதான். வேலி ஆய்வுக்குப் புதுச் சட்டை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு திறமை இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு வாரப் பதிவுகளை அட்டவணையாக்கினேன். நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த மாதம் காணாமல் போகிறது என்பதை இந்த முறையில்தான் கண்டுபிடிப்பேன். முடிவு வியப்பளிக்கிறது: திங்கள், புதன், வெள்ளி மாலைகளிலும் அவற்றுக்கு மறுநாள் காலைகளிலும் மட்டுமே நடத்தை மோசம். மற்ற நேரங்களில் கோயில் யானை மாதிரி நிற்கிறது.

ஹர்ஷினி அட்டவணையை வெகுநேரம் பார்த்தாள். "திங்க, புதன், வெள்ளி இங்க என்ன அங்கிள் நடக்குது?" என்று கேட்டாள். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்றேன். திங்களும் வெள்ளியும் தண்ணீர் லாரி வருகிறது. புதன்கிழமை சந்தை ஒலிபெருக்கி. இரண்டையும் காரணங்களாகப் பதிவு செய்கிறேன்.

மார்ச் 11, புதன்

மழை. வேலி ஆய்வு இல்லை.

மார்ச் 12, வியாழன்

காலை நடத்தை: மிக நன்று. ஹர்ஷினி சின்னராசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மழை குளிர்ச்சி தந்ததே காரணம் என்று எழுதுகிறேன். வேறு காரணம் தோன்றவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வேலி ஆய்வு. கல்தூண்களை எண்ணவில்லை.

மார்ச் 14, சனி

காலை ஏழே முக்காலுக்கு ஹர்ஷினி கீழே விழுந்தாள். தேய்த்துச் சேணம் கட்டும்போதே குதிரை நடுங்கியிருக்கிறது. மைதானத்தில் இரண்டாவது சுற்றில் எழுந்து நின்று, மேற்கு வேலியை நோக்கிப் பாய்ந்தது. அவளுக்கு இடது மணிக்கட்டு சுளுக்கு. எலும்பு முறியவில்லை.

அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில், "நான் ஏதோ தப்பாப் பண்றேன் அங்கிள். என்னன்னுதான் தெரியல. இத்தன நாள் என் கைக்குக் கட்டுப்பட்டவன்" என்றாள். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

உரிமையாளர் தொலைபேசியில் பேசினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். 22ஆம் தேதி மருத்துவர் வரும்போது கருவிகளோடு வரச் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 16, திங்கள்

மாலை வேலி ஆய்வு. நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

காலை ஆறரைக்கு மாரப்பன் அலுவலக அறைக்கு வந்து, மேசை மேல் பிரஷ் எண் 3ஐ வைத்தார். அதன் மயிர்களுக்கிடையே விரல் விட்டு ஒரு சிறு கற்றையை உருவி, வெள்ளைத் தாளின் மேல் போட்டார். செவலை முடி.

"சாரு, நம்ம ராசு எப்பங்க செவலையானான்?"

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"தெனமும் இதுலதான் அவனைத் தேய்க்கிறேன். அவ வாடையை நானே அவன் மேல பூசிட்டு இருந்திருக்கிறேன். பாப்பா விழுந்ததுக்கு நானும் ஒரு கை" என்றார்.

உரிமையாளரிடம் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் கதவருகே நின்று யோசித்தார். "எழுதறது உங்க வேலைங்க. நான் எதுக்குங்க உங்க வேலையப் பாக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதர: பிரஷ் எண் 3இல் வேற்று நிற முடி. காரணம் ஆராயப்படுகிறது.

மார்ச் 18, புதன்

எல்லா பிரஷ்களையும் கடிவாளத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினோம். வேலி ஆய்வு இல்லை. காலை, மாலை இரு வேளையும் நடத்தை நன்று.

மார்ச் 19, வியாழன்

நன்று. ஹர்ஷினி ஒரு கையால் கடிவாளம் பிடித்து நடத்திச் சென்றாள். பின்னால் பசுமாடு போல வந்தது.

மார்ச் 20, வெள்ளி

நன்று. தோப்பிலிருந்து ஒரு பை கத்தரிக்காய் வந்தது. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுச் சீட்டு. பதில் அனுப்பவில்லை.

பதினைந்து நிமிடம் மருத்துவர் ஜெகதீசனிடம் பேசினேன். மூன்று நாளாகக் குதிரை திருந்திவிட்டது, இந்த முன்னேற்றம் போதுமா என்று கேட்டேன். போதாது என்றார். காரணம் தெரியாமல் வந்த கிறுக்கு, காரணம் தெரியாமல் நின்றால், காரணம் தெரியாமல் திரும்ப வரும். அதற்குள் அந்தப் பெண் இன்னொரு முறை விழுவாள் என்றார். காரணம் இருந்தால் எழுதுங்கள் என்றும் சொன்னார்.

மார்ச் 21, சனி

நூலகத்தில் ஒரு விதி வைத்திருந்தேன். பேராசிரியராக இருந்தாலும், முதல்வராக இருந்தாலும், பதிவு செய்யாமல் ஒரு புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது. முதல்வர் ஒருவரை வாசலில் வைத்துப் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்கு இரண்டு ஆண்டு பதவி உயர்வு தள்ளிப்போனது, வருத்தமில்லை. பிரஷ் எண் 3 பதிவு இல்லாமல் இந்த லாயத்தின் வாசலை ஆறு முறை தாண்டியிருக்கிறது. எடுத்துச் சென்றவன் நான்.

மருத்துவருக்காகத் தேதிகளைத் தருகிறேன். பிப்ரவரி 25, 27, மார்ச் 2, 4, 6, 9, 13, 16. இந்த எட்டு மாலைகளில் நான் பவளத்தின் பக்கத்தில் இருந்தேன். மார்ச் 2 முதல் பிரஷ்ஷையும் கொண்டுபோனேன். பவளத்துக்கென்று நல்ல பிரஷ் இல்லை, தேங்காய் நாரால்தான் தேய்க்கிறார்கள் என்று தெரிந்ததும், நம்மிடம் நான்கு இருக்கிறதே என்று பட்டது. நான் தேய்ப்பேன். சுலோச்சனா அம்மா கல்மேடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். செவ்வாய், வியாழன், சனியில் அவர் பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவார். ஞாயிறன்று மகன் வீடு. என் அட்டவணைக்குத் தண்ணீர் லாரியும் சந்தையும் காரணமல்ல.

திரும்பி வந்து, கை கழுவாமல் சின்னராசுவுக்குக் கேரட் கொடுத்தேன். பிரஷ்ஷை ஆணியில் மாட்டினேன். காலையில் மாரப்பன் அதை எடுத்தார். மார்ச் 9க்குப் பிறகு பவளம் பருவத்தில் இருந்ததாகச் சுலோச்சனா அம்மா வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்டும், அப்படியா, பாவம், என்று இன்னும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். இந்தத் துறையில் உரிமையாளரின் அலமாரியிலுள்ள பதினோரு புத்தகங்களையும் நான் படித்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறேன்.

ஆகவே: குதிரையிடம் குறையில்லை. ஹர்ஷினியின் கையிலும் குறையில்லை, இதை அடிக்கோடிட்டிருக்கிறேன். மாரப்பனுக்கு 17ஆம் தேதிவரை தெரியாது.

முதல் முறை போனது வேலை நிமித்தம். மற்ற ஏழும் அல்ல. என் மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தகவல் எந்தப் பத்தியில் வரும் என்று தெரியாததால் இதரவில் எழுதுகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

மருத்துவர் பத்து மணிக்கு வந்தார். கருவிப் பெட்டியைச் சின்னராசுவின் கண்ணில் படும்படி வைத்தார். உரிமையாளர், ஹர்ஷினி, மாரப்பன், நான். பதிவேட்டை மௌனமாகப் படிப்பார் என்று எதிர்பார்த்தேன். வாய்விட்டுப் படித்தார். நல்ல உச்சரிப்பு.

மோர் நன்றாக இருந்தது என்ற இடத்தில் ஒரு முறை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நேற்றைய பதிவையும் படித்து முடித்தார். உரிமையாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

மருத்துவர் சோதனை செய்தார். மாரப்பன் கழுவிய பிரஷ்ஷால் தேய்த்தார். சின்னராசு கண்ணை மூடிக்கொண்டது. பிறகு தாளில் மடித்து வைத்திருந்த செவலை முடியை மூக்கருகே காட்டினார். உதடு சுருண்டது, முன்னங்கால் தரையைக் கொத்தியது, கனைப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. முடியை எடுத்துப் போனதும் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது.

"கத்தி வேண்டாம். சோப்பு போதும்" என்று சொல்லி மருத்துவர் பெட்டியை மூடினார். பதிவேட்டிலேயே மூன்று உத்தரவுகளை எழுதிக் கையெழுத்திட்டார். பவளத்துக்குத் தனி பிரஷ். மேலாளர் தோப்பிலிருந்து திரும்பினால் குளித்து, சட்டை மாற்றிய பிறகே லாயத்துக்குள் நுழைய வேண்டும். மூன்றாவது, தோப்புக்குப் போவதை நிறுத்த மருத்துவக் காரணம் ஏதும் இல்லை.

உரிமையாளர் காருக்குப் போனார். ஏறும்போது திரும்பி, வேலியில் எத்தனை கல்தூண் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். தலையசைத்தார்.

ஹர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இது வலிக்கல. எனக்கு ஓட்டத் தெரியலைன்னு நான் ஒரு வாரம் நெனச்சுட்டிருந்தேனே, அதான் அங்கிள்" என்றாள். பிறகு, "அந்த ஆன்ட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அந்தப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒரு வாரமாக நடத்தை நன்று. ஹர்ஷினி கட்டை அவிழ்த்துவிட்டுப் பயிற்சி எடுக்கிறாள். நான் தோப்புக்குப் போகவில்லை. மூன்றாவது உத்தரவு அனுமதி மட்டுமே; கட்டாயம் அல்ல.

ஏப்ரல் 5, ஞாயிறு

பெங்களூர். பதினொரு குதிரைகளில் ஐந்தாம் இடம். வரிசையில் இரண்டு பெண் குதிரைகள் இருந்தன. தைலம் தடவிய மூக்கோடு சின்னராசு நேராக நடந்தது, வளைந்தது, நின்றது. கடைசி வணக்கத்தின்போது ஒரே ஒரு முறை, மிகத் தணிந்த குரலில், இருமுவதுபோலக் கனைத்தது. அதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. ஹர்ஷினி வெளியே வந்து இறங்கியதும் உரிமையாளர் சின்னராசுவுக்குத் தாமே வெல்லம் கொடுத்தார். மகளிடம், குட்டிக்குப் பெயர் யோசித்து வைக்கும்படி சொன்னார். மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தைலப் புட்டியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

பதிவேடு இன்றோடு முடிகிறது. சரக்குக் கணக்கில் ஒரு திருத்தம்: பிரஷ் எண் 5, புதியது, பவளத்துக்கு. இரவல் அல்ல.

அதை ஒப்படைக்க மாலை ஐந்து மணிக்குச் சென்றேன். சுலோச்சனா அம்மா மூன்று வாரம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மோரை எடுத்து வைத்தார். நடந்ததையெல்லாம், மருத்துவர் வாய்விட்டுப் படித்தது உட்பட, தேதிவாரியாகச் சொன்னேன். முடித்தபின் அவர் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குதிரைக்கே தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்" என்றார்.

ஆறே காலுக்குத் திரும்பினேன். குளித்தேன். சட்டை மாற்றினேன். சின்னராசு கேரட்டை வாங்கித் தின்றது. உதடு சுருளவில்லை.

நாளை வியாழன். சுலோச்சனா அம்மா பொள்ளாச்சி வகுப்பை விட்டுவிட்டாராம்.